வாடெல் வீட்டு மூத்த பையன்

நவம்பர், 1984
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் லென்னிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் அது பொய், ஆனால் நான் காலூன்றி நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், அந்த மட்டில் கடவுளுக்கு நன்றி. நீயும் டயானும் குழந்தை நோராவும் அந்தக் கனடாக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதா படத்தின் முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். நோராவுக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, விட்டதா? வாத்துக் கொழுப்பைச் சூடாக்கி நெஞ்சில் தேய்த்துக் கம்பளித் துணியைச் சுற்றிவிடு, டயான் சிரித்தால் சிரிக்கட்டும், நீயும் உன் தங்கை மார்லீனும் அப்படித்தான் பிழைத்தீர்கள். தன் வீட்டு முகவரிக்கு வந்த உன் கடிதத்தை மார்லீன் வழக்கம்போல மளிகைப் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள், நான் துணி துவைக்கப் போகிறேன் என்று நிலவறைக்குப் போய்ப் படித்தேன். அறுபது வயதில் சொந்த மகன் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்கிற பிழைப்பு எனக்கு, போகட்டும். மார்லீனின் புருஷன் வேலை தேடி டெக்ஸாஸ் போயிருக்கிறான், இங்கே உருக்கு மில் வாசலுக்குச் சங்கிலி போட்டாகிவிட்டது, ராத்திரியில் வானம் சிவப்பாகத் தெரியாமல் இருட்டாக இருப்பது இன்னும் எனக்குப் பழகவில்லை.

உன் அப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். கோடையில் இருமல் என்று ஆரம்பித்தது நுரையீரல் முழுவதும் பரவிவிட்டது. மில்லில் நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்குகிற அடுப்புகளின் மேல்தளத்தில் வாழ்நாள் முழுக்க நின்ற மனுஷனுக்கு வேறென்ன வரும். டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்க்கலாம் அம்மா, அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாடிப்படி ஏற முடியாததால் முன்னறையில் சோபாவை எடுத்துவிட்டு வாடகைக் கட்டில் போட்டிருக்கிறோம், பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளை, காலையில் ஒரு நர்ஸ் வந்து போகிறாள். வாரத்துக்கு வாரம் ஆள் சின்னவராகிக்கொண்டே வருகிறார், அவர் கையைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. பிடிவாதம் மட்டும் ஒரு அவுன்ஸ் குறையவில்லை. முட்டைக்கோஸ் நூடுல்ஸ் கேட்பார், செய்து கொண்டுவந்தால் உப்பு இல்லை என்பார், உப்புப் போட்டால் நர்ஸிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்வார். திட்டுகிற வரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அவர் கட்டிலுக்கு நேராக டி.வி. இருக்கிறது. நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது செவ்வாய்க்கிழமை ராத்திரி எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்போமே, 'வாடெல் வீட்டார்' என்ற சிரிப்புத் தொடர், அதைப் பழையபடி முதலிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போடுகிறார்கள். உன் அப்பாவுக்கு அதுதான் இப்போது மருந்து, பூசை எல்லாம். ஐந்து மணி ஆகிவிட்டால் கிழக்கே ரஷ்யாக்காரன் குண்டு போட்டாலும் அவரிடம் சொல்லக் கூடாது. உனக்கு நினைவிருக்கும், ஆணி பெயிண்ட் விற்கிற கடைக்காரர் வாடெல், பெண்டாட்டி கிளாரா, மூத்தவன் ரஸ்ஸல், நடுவில் பெக்கி, கடைக்குட்டி ஸ்கிப். என் அபிப்பிராயத்தைக் கேட்டால் அந்தத் தொடரில் உருப்படியான ஒரே ஆள் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற பக்கத்து வீட்டு டட்டில் அம்மாள்தான், அவள் வந்து குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் மனுஷர்தான் இருக்கிறீர்களா என்று கேட்பாளே, அந்த மாதிரி நம் தெருவிலேயே நாலு பேர் உண்டு. மற்றபடி எல்லாம் கப்ஸா. கிளாரா குதிகால் செருப்பு போட்டுக்கொண்டு மாவு பிசைகிறாள், மாவு ஒரு துளி அவள் கவுனில் ஒட்டுவதில்லை. வாடெல் வேலையிலிருந்து வந்தால் தொப்பியைக் கழற்றுகிறார், கை கழுவுவதே இல்லை, ஏனென்றால் கை அழுக்காவதே இல்லை. என்ன பிரச்சினை வந்தாலும் இரண்டாவது சோப்பு விளம்பரத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. ஸ்கிப் என்கிற அந்தப் பொடியன் வாய்த்துடுக்குக்கு என் வீட்டில் இருந்திருந்தால் முதுகு பழுத்திருக்கும். கறுப்பு வெள்ளையில் வந்த பகுதிகள் பரவாயில்லை, கலர் வந்த பிறகு சட்டைகள் நன்றாக இருக்கின்றன, வசனம் கெட்டுப்போய்விட்டது. இதையெல்லாம் நான் சமையலறையிலிருந்து சத்தமாகச் சொல்வேன், உன் அப்பா "ஓல்கா, உன்னைய யாரு பாக்கச் சொன்னா, உன் வேலையப் பாரு" என்பார். ஸ்டுடியோவில் ஆட்களை உட்காரவைத்துத்தானே எடுத்தார்கள், அந்தக் கூட்டத்தில் ஒருத்தி எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரிப்பாள், அவள் சிரிப்பு வந்ததும் உன் அப்பாவுக்கும் சிரிப்பு பீறிடும், பிறகு இருமல் வரும், நான் ஓடுவேன்.

எதிர்வீட்டு வாசில் மாமா தினமும் நாலே முக்காலுக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். வாசிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன்னோடு ஒரே பெஞ்சில் படித்த அவர் மகன் டேனி வியட்நாமில் செத்துப் பெட்டியில் வந்தபோது அந்தப் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர் உன் அப்பா. அதே வசந்தத்தில்தான் உனக்கும் ராணுவத்திலிருந்து அழைப்பு வந்தது, நீ எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனாய். அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு வாசில் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சம். நீ செய்தது சரியா தப்பா என்று நான் இத்தனை வருஷமாக எழுதியதில்லை, இப்போதும் எழுத மாட்டேன், நீ உயிரோடு இருக்கிறாய், பெற்றவளுக்கு அது போதும். ராணுவத்துக்குப் போகாத உங்கள் எல்லோரையும் ஜனாதிபதியே மன்னித்து ஏழு வருஷம் ஆகிவிட்டது, உன் அப்பாதான் ஜனாதிபதிக்கும் மேலே. அந்த வருஷம் மார்லீன் மெதுவாக உன் பேச்சை எடுத்தபோது அவர் சொன்னதை உனக்கு எழுதியிருந்தேன், "அவன் முன்வாசல் வழியா வந்தா நான் பின்வாசல் வழியா போயிடுவேன்" என்றாரே, அதுதான் அவர் உன்னைப் பற்றிப் பேசிய கடைசிப் பேச்சு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதக் கடைசியில் ஒரு பகுதி போட்டார்கள். குளிர் காலம், வாடெல் வீட்டில் நிலவறையில் இருக்கிற கணப்பு அணைந்துவிட்டது, எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் நடுங்குகிறார்கள், ஸ்டுடியோக் கூட்டம் சிரிக்கிறது. மூத்தவன் ரஸ்ஸல் எழுந்து, நான் போய் என்னவென்று பார்க்கிறேன் என்று சமையலறைக் கதவைத் திறந்து நிலவறைக்கு இறங்கிப் போகிறான். அவ்வளவுதான் லென்னி. பையன் திரும்பி மேலே வரவே இல்லை. மறுநாள் பார்த்தால் வீட்டில் சூடு வந்துவிட்டது, மேஜையில் நாலு தட்டு, நாலு நாற்காலி, அவன் பேச்சே இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவனுக்கென்று எழுதியிருந்த பேப்பர் போடுகிற பகிடியைக்கூட பெக்கி வாயில் போட்டுவிட்டார்கள், அந்தப் பெண்ணுக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. அந்தக் காலத்தில் நாமும் இதைப் பார்த்திருப்போம், யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இப்போது வாசிலுக்குத் தோன்றியது. உன் அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார், வாசில், "ஆமா, அந்த மூத்தவன் எங்கடா?" என்றார். உன் அப்பா "எவன்?" என்றார். "கணப்பப் பாக்கறேன்னு கீழ போனானே, அவன்தான்." "கதை எழுதுறவனுக்குத் தெரியும், நீ சும்மா பாரு" என்று உன் அப்பா அடக்கிவிட்டார். வாசில் அடங்குகிற ஆளா. மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். "ஏண்டா, பெத்த பையன் நெலவறைக்குப் போய் ஒரு வாரமாச்சு, அந்த அம்மாக்காரி வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை கேக்க மாட்டாளா?" என்றபோது எனக்குச் சுருக்கென்றது. கையில் கரண்டியோடு வந்து நின்று, "அவ என்ன பண்ணுவா வாசில், எழுதிக் குடுத்ததத்தான பேசணும். அவளுக்கு யாரும் எழுதிக் குடுக்கல" என்று சொன்னேன். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உன்னைப் பற்றி நான் கேட்டேன் லென்னி, இது உனக்குத் தெரிய வேண்டும். நீ போன முதல் வருஷம் பூராவும் கேட்டேன், திட்டினேன், அழுதேன். உன் பெயரை எடுத்தால் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து ராத்திரி ஷிஃப்டுக்குப் போய்விடுவார். வெறும் வயிற்றோடு அடுப்பு மேல் ஏறுகிற மனுஷன் தலை சுற்றி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

வாசில் அதோடு விடவில்லை. டி.வி. ஸ்டேஷனுக்கு போன் போட்டுக் கேள் என்று என்னைக் குடைந்தார், அவர் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியாதாம். உன் அப்பா "பைத்தியக்காரனுக்கு ஒத்து ஊதாத" என்று கத்தினார், அதனாலேயே நான் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், நல்ல பெண்தான், முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள், பிறகு யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, அது ரொம்பப் பழைய தொடர் அம்மா, அந்த நடிகனுடைய ஒப்பந்தம் முடிந்திருக்கும், கம்பெனிக்காரர்கள் சும்மா விட்டுவிட்டிருப்பார்கள், அந்த நாளிலேயே யாரும் எங்கே என்று கேட்டதாகத் தெரியவில்லை, நீங்கள்தான் முதல் ஆள் என்று சொன்னாள். அதை அப்படியே வந்து சொன்னேன். அப்போது டி.வி.யில் தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. வாசில் கொஞ்ச நேரம் தொப்பியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு உன் அப்பாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார், நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன். "செத்துட்டான்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா போதுமேடா எமில், எல்லாரும் அழுதுட்டுப் போயிருப்பாங்க. என் டேனி செத்தான். அவன் பேரை நான் தெனமும் சொல்றேன். வருஷா வருஷம் செத்தவங்க சனிக்கிழமைல சாமியார் பீடத்துல நின்னு அவன் பேரைச் சத்தமாப் படிக்கிறார், நான் போய்க் கேக்கறேன். இந்தப் பையன் சாகவும் இல்ல, வீட்லயும் இல்ல. இவன் பேரை எங்கடா படிக்கறது? உசுரோட இருக்கற புள்ளைய இப்படிப் பண்ணுவாங்களாடா?" என்றார். உன் அப்பா, "வாசில், நீ வீட்டுக்குப் போ" என்றார். வாசில் எழுந்தார். "போறேன். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். என் மூஞ்சியப் பாக்க நீ கூசுறது எனக்குத் தெரியும். பதினாலு வருஷமாத் தெரியும். என் பையனுக்காக உன் பையனத் தொலைன்னு நான் உன்கிட்ட கேட்டேனாடா? கேட்டேனா?" என்றார். உன் அப்பா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார், மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாய் இழுபடுவதுகூட அவருக்கு உறைக்கவில்லை, நான்தான் போய் சரிசெய்தேன். வாசலில் வாசில் என் கையைப் பிடித்து, "எழுது ஓல்கா, நான் சொன்னேன்னு எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் ஆள் வரவில்லை, நாலாம் நாள் ஒரு பானை காளான் சூப்போடு ஒன்றும் நடக்காததுபோல வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

இனி நீ எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும், அப்பா மனசு மாறிவிட்டது என்று நான் எழுதுவேன் என்று பார்ப்பாய். அப்படி ஒன்றும் நடக்கவில்லை கண்ணு. ஒரு விஷயம் மட்டும் நடந்தது. இப்போது ஐந்து மணியானால் தொடரைப் போடச் சொல்கிறார், ஆனால் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார், குறை, இன்னும் குறை என்று ஒன்றுமே கேட்காத அளவுக்கு. கிளாராவும் வாடெலும் வாயை வாயை அசைக்கிறார்கள். அந்தப் பின்தங்கிச் சிரிக்கிற பெண்ணின் சிரிப்பும் இல்லை. உன் அப்பா சிரிப்பதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்தச் சமையலறைக் கதவைப் பார்க்கிறாரா, சும்மா அந்தப் பக்கம் கண் கிடக்கிறதா, எனக்குத் தெரியாது. மார்லீன், கதவைத்தான் பார்க்கிறார் என்று சத்தியம் செய்கிறாள். ஒருநாள் அவள் தைரியமாகக் கட்டிலில் உட்கார்ந்து, "அப்பா, அண்ணனக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை, இமை துடித்தது, ஆனால் திறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லையே அம்மா என்கிறாள் மார்லீன். வா என்றும் சொல்லவில்லையே என்று நான் சொன்னேன்.

நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அப்பா ஒரு வார்த்தை கூப்பிட்டால் அன்றைக்கே காரை எடுத்துவிடுவேன், கூப்பிடாமல் வந்து அந்த வீட்டு வாசலில் பிச்சைக்காரன் மாதிரி நிற்க மாட்டேன் என்று. அதைப் படித்தபோது அப்பாவும் பிள்ளையும் ஒரே மண்ணில் செய்த பானைகள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மார்லீன், "எழுதிடும்மா, அப்பா கேட்டார்னு எழுதிடு, யாரு வந்து பாக்கப் போறாங்க" என்கிறாள். இந்த வாரம் இரண்டு தடவை அப்படி எழுதியும் பார்த்தேன், அப்பா உன் பெயரைச் சொல்லி அழுதார் என்று. அடுப்பில் போட்டுவிட்டேன். நீ இவ்வளவு தூரம் பனியில் ஓட்டிக்கொண்டு வந்து, கூப்பிட்டீங்களாமே அப்பா என்று கட்டிலருகில் நின்று, அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டால் உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அவர் உன்னைக் கூப்பிடவில்லை. சாகிற வரைக்கும் கூப்பிட மாட்டார் என்றே எனக்குப் படுகிறது. அந்த ஒரு வார்த்தைக்காக நீ காத்திருந்தால் மார்லீனின் தந்திதான் உனக்கு வரும். நீ வந்தால் பேசுவாரா, பேசாமலே கிடப்பாரா, எனக்குத் தெரியாது. எழுந்துபோக முடியாது, அதற்குக் காலில் பலம் இல்லை, அது ஒன்றுதான் நான் உனக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது. இத்தனை வருஷம் இந்த வீடு அவர் வீடு, அவர் பேச்சு என்று இருந்துவிட்டேன். இது என் வீடும்தான். நான் கூப்பிடுகிறேன் லென்னி. பெற்றவள் கூப்பிடுகிறேன், அது உனக்குப் போதாதென்றால் அப்படியே எழுதிவிடு, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் வா. இந்த உறையின் பின்பக்கம் மார்லீன் வீட்டு முகவரியைப் போடவில்லை, நம் வீட்டு முகவரியைத்தான் போட்டிருக்கிறேன், நானே தபால் நிலையத்துக்குப் போய்ப் போடப் போகிறேன்.

டயானுக்கு என் அன்பைச் சொல், நோராவுக்கு நூறு முத்தம். முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வா, படுக்கை போட இடம் பண்ணுகிறேன். ஏரிப்பக்கம் பனி கொட்டும், ராத்திரியில் ஓட்டாதே, வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி எடுத்துக்கொள். தேவமாதா உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும், நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. இன்னொன்று, இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். உன்னிடம் கறுப்பு சூட் இருந்தால் கொண்டு வா. அதைக் காரிலேயே விட்டுவிட்டு உள்ளே வா, அவர் கண்ணில் பட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா
ஓல்கா ஹுடாக்